வெயிட்பிட் ஸ்டேட்டஸ் 256: டார் சொன்னதா, எக்ஸெக் தோற்றதா?

கேள்வி:
வணக்கம். சி-யில் எழுதிய ஒரு பேக்கப் புரோகிராம், டெபியன் லினக்ஸ் சர்வரில் இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் சேவை) வழியாக ஓடுகிறது. ஃபோர்க் செய்து (புரோகிராமின் நகலாகச் சைல்ட் ஒன்றை உருவாக்கி), சைல்டில் எக்ஸெக்விபி (நகலின் இடத்தில் வேறு புரோகிராமை ஏற்றும் எக்ஸெக் அழைப்பு) மூலம் டார் (ஃபைல்களை ஒரே தொகுப்பாக்கும் கருவி). அது எப்படி முடிந்தாலும் அடுத்து அதே வழியில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் உள்ள எங்கள் அப்லோடு கருவி. எக்ஸெக்விபி தோற்றுத் திரும்பி வந்துவிட்டால் சைல்டில் எக்ஸிட்(1). வெயிட்பிட் (சைல்ட் முடியக் காத்திருந்து, அது எப்படி முடிந்தது என்று சொல்லும் அழைப்பு) தரும் ஸ்டேட்டஸை பேரன்ட் (ஃபோர்க் செய்த மூலப் புரோகிராம்) பிரின்ட்எஃப் செய்கிறது, அது லாக் ஃபைலுக்குப் போகிறது.

கையால் ஓட்டினால் இரண்டுக்கும் 0. கிரானில் அப்லோடுக்கு எப்போதும் 256. டாருக்குச் சில இரவுகளில் 256, ஒருமுறை வெறும் 9. எக்ஸிட் கோடு (புரோகிராம் முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) 255-ஐத் தாண்டாது என்றுதானே படித்தேன்? லாக்கில் எல்லா "தொடங்குகிறது" வரிகளும் இரண்டு தடவை வேறு வருகின்றன.

பதில் 1:
நீங்கள் எழுதி வைப்பது எக்ஸிட் கோடு இல்லை. லினக்ஸில் அந்த எண்ணின் கீழ் 7 பிட்டில் சைல்டைக் கொன்ற சிக்னலின் எண்ணும், அதற்கு மேலே 8 முதல் 15 வரையுள்ள பிட்டுகளில் எக்ஸிட் கோடும் இருக்கும். 256 என்றால் கோடு 1. வெறும் 9 என்றால் சிக்னல் 9, அதாவது புராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் 'சிக்கில்'. யாரோ கொன்றிருக்கிறார்கள், மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றதா என்று அந்த நேரத்து டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) பாருங்கள்.

பிட்டுகளைக் கையால் நகர்த்தாதீர்கள். முதலில் டபிள்யூஇஃப்எக்ஸிட்டட் (தானாக முடிந்ததா) கேளுங்கள், ஆம் என்றால் மட்டும் டபிள்யூஎக்ஸிட்ஸ்டேட்டஸ் (எக்ஸிட் கோடு என்ன). நேராக இரண்டாவதை எடுத்தால், கொல்லப்பட்ட டாருக்கும் 0 வரும். பாதி பேக்கப்பை வெற்றி என்று லாக் சொல்லும். இது மிக ஆபத்து.

பதில் 2:
இரட்டை வரிகளை விட்டுவிடாதீர்கள், விடை அங்கேதான் இருக்கிறது. ஃபைலுக்குப் போகும் பிரின்ட்எஃப் முதலில் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) தங்கும். ஃபோர்க் அந்தப் பஃபரையும் சேர்த்து நகலெடுக்கும். எக்ஸெக் வெற்றி பெற்றால் நகல் அழிந்துவிடும். தோற்றால் உங்கள் எக்ஸிட்(1) அதை ஃபைலில் கொட்டும். ஆக அப்லோடு கருவி ஓடவே இல்லை. டாரும் ஓடாதிருந்தால் "டார் தொடங்குகிறது" மூன்று தடவை வந்திருக்கும்: தோற்ற இரண்டு சைல்டுகளும் பேரன்டும் ஆளுக்கு ஒன்று. அதனால் டாரின் 1 டாரே சொன்னது: படிக்கும்போதே ஏதோ ஃபைல் மாறியிருக்கிறது.

கிரானின் பாத் (கருவிகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் மட்டும்தான். கருவிக்கு முழுப் பாதை கொடுங்கள். சைல்டில் எக்ஸிட்டுக்குப் பதில், பஃபரைக் கொட்டாத _எக்ஸிட்(127) போடுங்கள். காரணமும் வேண்டுமென்றால், ஃபோர்க்குக்கு முன் க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (எக்ஸெக் வெற்றி பெற்றால் தானே மூடிக்கொள்ளும்) கொடியோடு ஒரு பைப் (இரண்டு புராசஸ்களுக்கு இடையே தரவு போகும் குழாய்) திறங்கள். எக்ஸெக் தோற்றால் சைல்ட் அதில் எர்னோவை (பிழை எண்ணை) எழுதட்டும். பேரன்ட் தன் பக்கத்து எழுதும் முனையை மூடிவிட்டு, வெயிட்பிட்டுக்கு முன்பே படிக்க வேண்டும். மூடாவிட்டால் ரீட் தொங்கிவிடும். ஒன்றும் வராமல் முடிந்தால் எக்ஸெக் நடந்தது என்று அர்த்தம்.

அப்புறம், வெயிட்பிட் -1 தந்து எர்னோ ஈஇன்டர் (சிக்னல் குறுக்கிட்டது) என்றால் திரும்பக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஸ்டேட்டஸைத் தொடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பைப்பில் எர்னோ 2 வந்தது, ஈநோஎன்ட் (அப்படி ஒரு ஃபைல் இல்லை). முழுப் பாதை கொடுத்ததும் அப்லோடு 0. இரட்டை வரியும் போய்விட்டது. டாரின் 1-ஐத் தோல்வியாக எடுக்க வேண்டுமா?

பதில் 2:
எந்த ஃபைல் மாறியது என்று டாரின் எரர் வரியில் பாருங்கள். லாக் ஃபைல் என்றால் எச்சரிக்கை போதும். டேட்டாபேஸ் ஃபைல் என்றால் அந்த நகலை நம்பாதீர்கள். முதலில் டேட்டாபேஸிலிருந்தே டம்ப் (ஏற்றுமதி நகல்) எடுத்து, அதை டாரில் போடுங்கள். கோடு 2 வந்தால் யோசிக்கவே வேண்டாம், தோல்விதான்.