படகு மரத்துக்கு வார்னிஷா, எண்ணெயா, சும்மா விடுவதா?

எது பளபளக்கும், எது ரொம்ப நாள் தாங்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: கெட்டுப்போனால் சரிசெய்ய எவ்வளவு பாடுபட வேண்டும்?

எங்கள் படகை வாங்கும்போதே கேபின் கதவில் டூ-பேக் பாலியூரித்தேன் (இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும், இறுகும் பூச்சு) அடித்திருந்தது. கைப்பிடிச் சட்டங்களில் சாதாரண வார்னிஷ். வார்னிஷ் மங்கத் தொடங்கினால் 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கோட் கொடுத்தால் போதும். பாலியூரித்தேன் அதைவிட நெடுநாள் நின்றது, மறுக்கவில்லை. ஆனால் கதவின் மூட்டில் மயிரிழை விரிசல் விட்டது. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும்; இறுகிய படலம் அதோடு சேர்ந்து வளையாது. விரிசலில் இறங்கிய தண்ணீர் அடியிலேயே பரவி, மேலே பளபளப்பு குறையாமலிருக்க, உள்ளே தேக்கு கறுத்துவிட்டது. ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். ஹீட் கன்னும் சுரண்டியுமாகக் கதவு முழுவதையும் உரித்தோம். கறுப்புக் கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்தது. (கையுறை போடுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மரத்தில் மிஞ்சிய அமிலத் தூள் மூக்கில் ஏறினால் தாங்காது.)

பிறகு கதவுக்கும் வார்னிஷ்தான். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் முதல் கோட்டைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து அடித்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கி ஆறேழு கோட். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க படலத்துக்குக் கனம் வேண்டும். இரண்டு கோட்டோடு நிறுத்துகிறவர்கள்தான் பெரும்பாலும் ‘வார்னிஷ் நிற்கவே இல்லை’ என்கிறார்கள்.

*

மேலே எழுதினவர் வார்னிஷ் கட்சி, நான் எண்ணெய்க் கட்சி. உரிந்து தொங்க படலமே கிடையாது, துணியில் தொட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. சரிசெய்ய எவ்வளவு பாடுன்னு நீங்க கேட்டதுக்கு இதைவிடச் சுலபமான பதில் இல்லைங்க. ஆனா அடிக்கடி தேய்க்கணும். வெயில் கடுமையான இடத்துல சில வாரத்துலயே வெளுக்க ஆரம்பிச்சிடும். ஆளிவிதை எண்ணெய் கலந்ததா இருந்தா பூஞ்சைக்கு அது நல்ல தீனி, கறுப்புப் புள்ளி வந்துடும்.

முக்கியமான ஒண்ணு: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. காயும்போது தானா சூடேறி, நெருப்பு வைக்காமலே பத்திக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி மூடியுள்ள இரும்பு டப்பாவுல வைங்க.

*

நடக்கிற தளத்துக்கு நீங்கள் இருவரும் சொன்ன ரெண்டும் வேண்டாம். வார்னிஷ் அடித்த பலகை நனைந்தால் கால் நிற்காது. எங்கள் தேக்குத் தளத்தைச் சாம்பல் நிறமாகவே விட்டிருக்கிறோம். கடல் தண்ணீர், மென்மையான பிரஷ், மர ரேகைக்குக் குறுக்கே தேய்ப்பு, அவ்வளவுதான். ரேகையோடு தேய்த்தாலோ பிரஷர் வாஷரை நீட்டினாலோ மெத்தென்ற இழை கரைந்து, பலகை வரிவரியாகப் பள்ளம் விழும். பள்ளத்தைச் சமன்செய்ய இழைக்க இழைக்கப் பலகைதான் மெலிகிறது.

*

முதலில் வார்னிஷ் பற்றி எழுதியது நான்தான். தளம் பற்றி ஒத்துக்கொள்கிறேன். கைப்பிடிக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன்: துணியுறை தைத்து மாட்டிய பக்கம் வார்னிஷ் இன்னும் மங்கவில்லை, உறையில்லாத பக்கம் இப்போதே அடுத்த கோட் கேட்கிறது. உறையை இறுக்கமாகத் தைக்காதீர்கள், உள்ளே ஈரம் தேங்கும்.