மறுமொழி: என்ஜாம்ப்மென்ட் – 'அடிதாண்டல்' என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

என்ஜாம்ப்மென்ட் என்ற ஆங்கிலக் கவிதை உத்திக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, இந்த இழையில் இதுவரை ஆற்றொழுக்கு, வகையுளி, தொடரோட்டம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் சானெட்டுகளை (பதினான்கு அடிக் கவிதைகளை) மாணவர்களுக்குத் தமிழில் விளக்கத்தான் சொல் கேட்டிருந்தார்கள். அதனால் அவருடைய கவிதைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்றையும் உரசிப் பார்த்தேன்.

வாக்கியம் அடியின் கடைசியில் முடியாமல், நிறுத்தக்குறியும் இல்லாமல், அடுத்த அடிக்குள் போய்விடுவதைத்தான் என்ஜாம்ப்மென்ட் என்கிறார்கள். இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொல்லைத் தேர்வதற்கு இந்த விளக்கம் போதாது. அந்த இடத்தில் வாசிக்கிறவருக்கு என்ன நேர்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

1850இல் முதலில் அச்சான அவருடைய 'போர்த்துக்கீசியத்திலிருந்து சானெட்டுகள்' வரிசையில் இன்று 44 கவிதைகள். எல்லோருக்கும் தெரிந்தது 43ஆவது: உன்னை எப்படியெல்லாம் காதலிக்கிறேன், எண்ணிச் சொல்கிறேன் என்று தொடங்குவது. அதன் ஐந்தாம் அடி 'எவ்ரி டேய்ஸ்' என்று முடிகிறது. 'ஒவ்வொரு நாளின்' என்று பொருள். நாளின் எது? அடுத்த அடிக்குப் போனால்தான் 'மிக அமைதியான தேவை' என்று விடை வருகிறது. உடைமையைச் சொல்லும் சொல் ஓர் அடியில், உடைமைப் பொருள் அடுத்த அடியில். அதே சமயம் 'டேய்ஸ்' என்பது முதலடியின் 'வேஸ்' என்ற சொல்லோடு இயைபு. காது அங்கே நில் என்கிறது, இலக்கணம் போ என்கிறது. அந்த இழுபறிதான் இந்த உத்தியின் உயிர்.

இப்போது இரண்டாவது குறளை எடுங்கள்:

கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன்
நற்றாள் தொழாஅர் எனின்

'வாலறிவனது நற்றாள்' என்று ஆறாம் வேற்றுமைத் தொகை. அதுவும் நடுவே முறிந்து, வாலறிவன் மேலடியிலும் நற்றாள் கீழடியிலும் நிற்கின்றன. பிரௌனிங் செய்ததும் இதுவே! முதல் குறளிலும் 'ஆதி' மேலே, 'பகவன்' கீழே. ஆக, சொல்தான் இல்லையே தவிர, பொருள் நம்மிடம் பழையது. ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இயைபு அடியின் கடைசியில் நின்று மறிக்கிறது. நமக்கு எதுகை அடியின் தலையில் நிற்கிறது. கற்ற, நற்றா என்று கேட்டதும் புது அடி தொடங்கிவிட்டது தெரிகிறது. எப்படியானாலும் அடிக்கு ஓர் எல்லை இருப்பது காதுக்குத் தெரிந்தாக வேண்டும். எல்லை தெரியாவிட்டால் கடப்பதும் தெரியாது.

இதனால்தான் ஆற்றொழுக்கை என்னால் ஏற்க முடியவில்லை. இழையில் ஐயா ஒருவர் சொன்னதுபோல அழகான சொல், மரபுச் சொல், மறுக்கவில்லை. ஆனால் அதையே 'யாற்றுப் புனல்' என்ற பெயரில் நன்னூல் சொல்வதைப் பாருங்கள்: 'மற்றைய நோக்கா தடிதொறும் வான்பொருள் அற்றற் றொழுகுமஃ தியாற்றுப் புனலே.' அடிதோறும் பொருள் அற்று அற்று, அதாவது முடிந்து முடிந்து, போக வேண்டுமாம். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதற்கு உதாரணமாகக் காட்டும் சிந்தாமணிப் பாட்டிலேயே 'தேர்ந்தநூல் / கல்விசேர் மாந்தரின்' என்று தொடர் அடியைத் தாண்டுகிறதே என்று கேட்கலாம். தாண்டத்தான் செய்கிறது. ஆனால் ஆற்றொழுக்கு ஒரு பொருள்கோள். பொருள்கோள் பேசுவது பொருளை எந்த வரிசையில் கொள்வது என்பதை. அடியின் விளிம்பில் நடப்பது அதன் அக்கறையே அல்ல. அதோடு, ஆற்று நீர் என்றதும் தடையே இல்லாத ஓட்டம்தான் மனத்தில் வருகிறது. எல்லை அழிந்துவிடுகிறது.

வகையுளி ஓசைக்காகச் சொல்லைச் சீர்களுக்கிடையே பிளப்பது. மூன்றாம் குறளில் 'நீடுவாழ்வார்' என்பது 'நீடுவாழ் வார்' என்று பிரிவது நினைவிருக்கும். அது வேறு கணக்கு. தொடரோட்டம் என்றால் பள்ளி விளையாட்டு விழாவில் கைக்குக் கை குச்சி மாற்றி ஓடுவதுதான் ஞாபகம் வரும்.

என் பரிந்துரை: அடிதாண்டல். பிரெஞ்சில் ழாம்ப் என்றால் கால். காலை எட்டிப் போட்டுக் கடப்பதிலிருந்து வந்ததுதான் மூலச்சொல். நம் 'அடி'க்கோ பாதம் என்றும் பொருள், செய்யுள் வரி என்றும் பொருள். இரண்டு மொழியிலும் கால் வந்து சேர்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உயரம் தாண்டுதலும் விளையாட்டுத் திடலில் புழங்குவதுதானே என்று யாராவது கேட்கலாம். ஆம், ஆனால் அங்கே குறுக்கே ஒரு கம்பு இருக்கிறது. அதுதான் நமக்கு வேண்டும். 'அடிகடத்தல்' என்றும் யோசித்தேன். கடத்தல் என்றதும் கள்ளக்கடத்தல் வந்து நிற்கிறது, விட்டுவிட்டேன்.

சொல் தாங்குமா என்று முதல் சானெட்டில் சோதித்தேன். 1845 ஜனவரியில், பின்னாளில் அவர் கணவரான கவிஞர் ராபர்ட் பிரௌனிங் முதல் கடிதம் எழுதியபோது எலிசபெத்துக்கு 38 வயது. லண்டன் விம்போல் தெருவில், நோயாளியாக, வீட்டுக்குள்ளேயே இருந்தவர். அந்த வாழ்க்கையைத்தான் கவிதை திரும்பிப் பார்க்கிறது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பெயரால் வழங்கும் சானெட் வகையில் எட்டு அடியோடு ஒரு பகுதி முடிந்து, ஒன்பதாம் அடியில் திருப்பம் வர வேண்டும். இவர் எட்டாம் அடியை 'ஃப்ளங்' என்று முடிக்கிறார். கடந்துபோன துயர ஆண்டுகள் ஒவ்வொன்றாக வீசின. எதை வீசின? ஒன்பதாம் அடியில்: 'என்மேல் ஒரு நிழலை.' முற்றுப்புள்ளி அங்கேதான், அடியின் நடுவில். எட்டு அடிகளுக்கு உரிய நிழல் வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் விழுகிறது. அந்த நிழலில் நிற்கும்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை அவர் தலைமுடியைப் பற்றி இழுக்கிறது. 'சாவு' என்கிறார் இவர். 'சாவு அல்ல, காதல்' என்று பதில் வருகிறது.

இங்கே 'ஆற்றொழுக்காக அமைந்துள்ளது' என்று எழுதினால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? நடை சரளமாக இருக்கிறது என்றுதான். 'எட்டாம் அடியின் தொடர் ஒன்பதாம் அடிக்குத் தாண்டுகிறது' என்று எழுதினால், எங்கே, எதை என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்.

அப்புறம், மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'என்மேல் நிழலை வீசின' என்று இயல்பாக எழுதினால் தாண்டல் காணாமல் போய்விடும். 'வீசின' என்று அடியை முடித்து, 'என்மேல் ஒரு நிழலை' என்று அடுத்த அடியைத் தொடங்குங்கள். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கும், பரவாயில்லை. மூலமும் அப்படித்தான் நிற்கிறது.

வினையாக 'அடி தாண்டுகிறது', பெயரடையாக 'அடிதாண்டும் தொடர்' என்று எளிதாக வருகிறது. வாக்கியம் அடிக்குள்ளேயே முடிவதற்கு 'அடிநிறைவு' என்று வைத்திருக்கிறேன். ஆனால் அது முழுப்பாட்டின் கடைசி அடியைக் குறிப்பதாகத் தோன்றுமோ என்று உறுத்தல் இருக்கிறது. யாப்பு அறிந்தவர்கள் அதற்கு ஒரு நல்ல சொல் தாருங்கள்.