புது போன் ஓடல, சீன சரக்கு நிக்கும்ங்கறாங்க: ஆறு மாச ஸ்டாக் எடுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை_பார்ட்ஸ்:
வணக்கம்ங்க. சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காட்டுல 60 கடைக்கு மொபைல் பார்ட்ஸ் சப்ளை. பவுச்சும் (போன் கவர்) டெம்பர் கிளாஸும் தேங்கி நிக்குது, கடைங்க தர வேண்டிய பாக்கி 75 நாள் தாண்டுது. சென்னை ரிச்சி தெரு இம்போர்ட்டரோ, சீன எல்லையில ஏதாச்சும்னா 2020 மாதிரி ஆயிடும், இப்பவே எடுங்கன்னு தள்றார். கையில 8 லட்சம். எதை எடுக்கறது?

காம்போ_கடை:
அவர் சொல்றதுல பாதி நிஜம். எல்லையில கல்வான் மோதலுக்கு அப்புறம் 2020 ஜூன் கடைசியில சென்னைத் துறைமுகத்துல சீன சரக்கைப் பிரிச்சுப் பிரிச்சு சோதிச்சாங்க, லோடு தேங்குச்சு. ஆனா அது வாரக்கணக்கு. மீதிப் பாதி, அவர் குடோன்ல இருக்கறதை உங்க குடோனுக்கு மாத்தற வேலை.

புது போன் வாங்காதவன் பழசைத்தான் ரிப்பேர் பார்ப்பான். 2-4 வருஷ மாடலுக்கு காம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது), சார்ஜிங் போர்டு போகும். கடைசி 6 மாச பில்லைப் பாருங்க. மாசம் 5 பீஸுக்கு மேல போற மாடலுக்கு மட்டும் 60 நாள் சரக்கு, 4 லட்சத்துக்கு மேல வேண்டாம். மத்ததை ஆர்டர் வந்தா எடுங்க.

சரக்கு நிக்கும்னு பயந்து பேட்டரியைக் குவிக்காதீங்க. அலமாரியிலேயே கிழடாகும், அதுவும் சித்திரையில தகர ஷீட்டுக்குக் கீழே. பாதி சார்ஜ்ல, 3.8 வோல்ட் பக்கம் வச்சு, மூணு மாசத்துக்கு ஒருதரம் மீட்டர் வைங்க. மீட்டர் 0 காட்டினா பாதுகாப்பு சர்க்யூட் கட் ஆகியிருக்கும். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தா மறுபடி சார்ஜ் ஏத்தி உசுப்பி விக்காதீங்க: ரொம்ப இறங்கின செல்லுக்குள்ள செம்பு கரைஞ்சு படியலாம், அப்புறம் ஷார்ட் ஆகலாம்.

ஹாட்ஏர்:
ஸ்பீக்கர், வைப்ரேட்டர் வராதுன்னும் ஒரு புரளி ஓடுது. அதுக்குள்ள இருக்கற காந்தத்தை வச்சுக் கிளம்பினது. 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அரிய மண் உலோகத்துக்கு (ரேர் எர்த்) ஏற்றுமதி லைசென்ஸ் வச்சது; அது உலோகத்துக்கும் காந்தத்துக்கும். ரெடி ஸ்பீக்கருக்கு இல்ல.

ஐசி எடுத்து வைக்கலாம், கவர் பிரிக்காத வரைக்கும். லேபிள்ல எம்எஸ்எல் (ஈரம் தாங்கற தரம்) 3-ன்னா, பிரிச்சு 168 மணி நேரத்துல போர்டுல ஒட்டணும், அதுவும் 30 டிகிரி, 60% ஈரப்பதத்துக்குள்ள. ஏற்காட்டு மூட்டத்துல அந்தக் கணக்கும் நிக்காது. ஈரம் குடிச்ச ஐசிக்கு ஹாட் ஏர் காட்டினா வயிறு உப்பி விரியும். கடைக்காரர் பார்ட் டூப்ளிகேட்னு திருப்பி அனுப்புவார். ஈரம் போக்கறேன்னு, ஐசி சுத்தி வர்ற ரீலோட 125 டிகிரியில வேக வைக்காதீங்க, டேப் உருகிடும். 40 டிகிரியில நாள்கணக்கா வைக்கணும், இல்ல ஐசியை மட்டும் உருவி 125.

கணக்கு_ஆத்தூர்:
பாக்கிக்கு, சிறு தொழிலுக்கு 45 நாள்ல பணம் தரணும்ங்கற எம்எஸ்எம்இ விதியைக் காட்டாதீங்க, உத்யம் பதிவு இருந்தாலும் வாங்கி விக்கற டிரேடருக்கு அது கிடையாது. ஜிஎஸ்டிதான் பிடி. பில் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள பணம் தரலைன்னா, கடைக்காரங்க உங்க பில்லுக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை (கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்கறது) வட்டியோட திருப்பணும். 120-வது நாள் லெட்ஜரோட ஞாபகப்படுத்துங்க. காம்போசிஷன் திட்டத்துல இருக்கற கடைக்கு இன்புட் கிரெடிட்டே கிடையாது, இது எடுபடாது, அங்க ரொக்கம்தான்.

செவ்வாய்ப்பேட்டை_பார்ட்ஸ்:
நன்றிங்க. பவுச் 4,000 பீஸ் கிடக்குதே, தூக்கிப் போட்டு எழுதித் தள்ளிடவா?

கணக்கு_ஆத்தூர்:
எழுதித் தள்ளினா நீங்க எடுத்த கிரெடிட்டையும் திருப்பணும். சந்தைக் கடைக்கு மொத்தமா பில் போட்டுத் தள்ளுங்க. பீஸ் 3 ரூபாய்க்குப் போனாலும் பில் இருக்கட்டும்.