வேடந்தாங்கல்: பறவைகள் சரி, ஊரின் கதை என்ன?

கீழ்வானம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு ஊரை எடுத்துக்கொண்டு அதன் மண், தண்ணீர், பயிர், வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வேடந்தாங்கலை எடுத்தேன். ஆனால் தேடித் தேடிப் படித்ததில் எந்த மாதம் போகலாம், எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதுதான் கிடைக்கிறது. அங்கே நெல் விளைகிறது, தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு பத்தி கூட இல்லை. 1798-இல் ஊர்க்காரர்களுக்கு ஏதோ பட்டயம் கொடுத்தார்கள் என்று எல்லா இடத்திலும் ஒரே ஒரு வரி வருகிறது. அதை யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள்? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
நான் மதுராந்தகம் பக்கம்தான் டீச்சர். முதலில் ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: அது பறவைக்காக வெட்டிய ஏரி இல்லை, பாசன ஏரி. கரை, மதகு, கலங்கல் (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்), கீழே ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) என்று செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்த ஊர் ஏரிக்கும் உள்ள எல்லாம் அதற்கும் உண்டு. பரப்பும் பெரிதில்லை, சுமார் 30 ஹெக்டேர், ஏறத்தாழ 74 ஏக்கர்.

எங்கள் பக்கத்துப் பூமியைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். வற்றாத ஆறு என்று எதுவும் கிடையாது, பாலாறே வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த பயிர். அதனால்தான் லேசான சரிவு இருக்கிற இடத்திலெல்லாம் குறுக்கே கரை போட்டு ஏரியாக்கி, ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஊர் ஏரிக்குப் போகிற மாதிரி அமைத்து வைத்திருக்கிறார்கள். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டம் (பயிர்ப் பருவம்) பிரித்து நெல் வைப்பதும் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

இந்த ஏரிக்குள்ளே நீர்க்கடம்பு மரங்கள் நிறைய. மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீருக்குள் நின்றாலும் அழுகாத மரம் அது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாய், நரி, பூனை எதுவும் கூட்டுக்குப் பக்கத்தில் போக முடியாது, பறவை நிம்மதியாக முட்டையிடும். ஏரி நிரம்பியதும் வந்து கூடு கட்டும், குஞ்சு பறக்கிற அளவுக்கு வளர்ந்து தண்ணீரும் இறங்குகிற கோடையில் கிளம்பிவிடும். மழை பொய்த்த வருடத்தில் கூடும் குறைவு, நடவும் குறைவு.

அப்புறம் எச்சம். இதைப் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். பறவை அந்த ஏரியில் மட்டுமா இரை எடுக்கிறது? நத்தைகுத்தி நாரை சுற்றுவட்டார வயல்களில் நத்தை பொறுக்கும், கூழைக்கடாவும் நீர்க்காகமும் பக்கத்து ஏரிகளில் மீன் பிடிக்கும். தின்றது எங்கேயோ, வந்து கழிப்பது இங்கே. அதாவது பல ஊர்களின் சத்தைச் சுமந்து வந்து ஒரே ஒரு ஏரியில் கொட்டுகின்றன. கூடு நிறைந்த காலத்தில் கரையில் நின்றால் காற்றிலேயே கவிச்சி அடிக்கும், மரத்து இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் கெட்டியான பச்சை. மதகைத் திறந்தால் அந்தப் பச்சைத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்தே வருகிறது. யூரியா என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில் இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று யோசியுங்கள்.

பழைய கணக்கு:
ஏரிக்கரை சொன்னதிலிருந்தே பட்டய விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலி படையெடுப்பில் இந்தப் பகுதி சூறையாடப்பட்டது, ஊர்கள் காலியாகின, ஏரிகள் பராமரிப்பில்லாமல் போயின. இந்த நிலையில்தான் 1794-இல் லயோனல் பிளேஸ் என்பவர் ஜாகீரின் கலெக்டராக வந்து 1798 வரை இருக்கிறார். மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டவர், ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் அந்தக் கலெக்டர் துரை இவர்தான்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலுக்கு வந்து பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் நீங்கள் கேட்ட அந்தப் பட்டயம், அதாவது கவுல், கிடைத்தது, அந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று. கவுல் என்பது பொதுவாக நிலத்துக்கும் தீர்வைக்கும் (நிலவரிக்கும்) அரசு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. அதே காகிதத்தைக் கொக்குக்கும் நாரைக்கும் வாங்கியிருக்கிறார்கள், அதுவும் துப்பாக்கி வைத்திருக்கிற ஆட்சியிடமிருந்து! என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகர்கள் பிளேஸ் அல்ல, மனு கொடுத்த அந்த விவசாயிகள். கலெக்டருக்கும் கணக்கு இருந்திருக்கும், விளைச்சல் இருந்தால்தானே தீர்வை வரும். ஆனால் காப்பாற்ற வேண்டும் என்ற யோசனை ஊரிலிருந்து வந்தது. கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்த 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்பதைப் பாருங்கள், அறுபது வருடம் கழித்தும் பேரன்மார்களுக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது. அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-இல்தான். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பக்கத்தில் இருக்கிற கரிக்கிலி பறவைகள் சரணாலயமும் அதே ஆண்டில்.

சொர்ணவாரி:
இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் எச்சம், உரம், விளைச்சல் என்று லாபக் கணக்கோடு நிறுத்திவிட வேண்டாம் என்பது என் கருத்து. உரத்துக்காகத்தான் தொடங்கியது என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு மூட்டை உரம் கடையில் கிடைக்கிறது, அப்படியும் அந்த ஊர் பறவையைத் தொந்தரவு செய்வதில்லையே. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி கண்மாயிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன, அவை மிரளக்கூடாது என்று அந்த ஊர் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்ணைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, இன்றைய நிலைமையையும் வகுப்பில் சொல்லுங்கள் டீச்சர். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் சரணாலயப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் வயலும் வீடுகளும் தொழிற்சாலையும் இருக்கின்றன. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க வனத்துறை யோசனை வைத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது, எதிர்த்தது சரிதான். ஏரிக்கரை சொன்னபடி பறவை இரை தேடுவது வெளியே இருக்கிற வயலிலும் ஏரியிலும்தான். ஏரியை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியிருக்கிற நிலத்தை மனை போட்டு விற்றால் நாரை எங்கே போய் நத்தை பொறுக்கும்? எல்லா வேலையையும் விவசாயி தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. பூச்சிமருந்தைக் குறைத்துப் பயிர் செய்கிறவனுக்கு நெல்லுக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும்.

கீழ்வானம்:
மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பல ஊர்களின் சத்து ஒரே ஏரிக்கு வருகிறது என்பதை அறிவியல் பாடத்திலேயே சேர்த்துவிடுவேன். ஒரு சந்தேகம்: கம்பெனி காலத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து ஊர்கள் எப்படி இருந்தன, ஏரியை யார் பராமரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஏதாவது ஆவணம் உண்டா? அப்புறம், பிள்ளைகளை எப்போது அழைத்துப் போவது நல்லது?

பழைய கணக்கு:
உண்டு. கம்பெனி கைக்கு வந்த புதிதில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீர் முழுக்க, ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர் ஊராக எத்தனை வீடு, எவ்வளவு நிலம், ஏரி எவ்வளவு, கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வெட்டியானுக்கும் ஏரி வேலைக்கும் விளைச்சலில் எவ்வளவு பங்கு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு அடிப்படையாக இருந்த தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கம்பெனிக் கடிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஊரே ஏரிக்கென்று விளைச்சலில் ஒரு பங்கை ஒதுக்கியது என்பதை மட்டும் பிள்ளைகள் புரிந்துகொண்டால் போதும், பாடம் பாதி முடிந்த மாதிரி.

ஏரிக்கரை:
தை கடைசி, மாசியில் வாருங்கள். ஏரியில் தண்ணீர் நிற்கும், கூட்டில் குஞ்சு இருக்கும், வயலில் நவரைப் பயிர் பச்சையாக இருக்கும், மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். திருச்சி சாலையில் படாளம் கூட்ரோட்டில் திரும்ப வேண்டும். காலை ஏழு மணிக்குள்ளோ மாலை நான்குக்கு மேலோ வந்தால் நல்லது. பார்வைக் கோபுரத்தோடு திரும்பிவிடாமல் மதகு, வாய்க்கால் எல்லாம் பார்த்துவிட்டு, கீழே வயலில் யாராவது பெரியவர் இருந்தால் பேசச் சொல்லுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் போதும்.