நம் வீடு (சண்டை கூடாது)

மாலை 6.52

நான்: நாளை காலை 11 மணிக்கு எனக்கு வீடியோ நேர்காணல். இப்போது தோழியுடன் ஒத்திகை பார்த்தேன். என் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நிற்கிறதாம். யார் வீட்டில் என்ன ஓடுகிறது?

அத்தை: என்ன நேர்காணல்? சொல்லவே இல்லையே

நான்: ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் போட்டேன் அத்தை

அத்தை: பெரியண்ணா அனுப்பிய பூப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும்

பெரியப்பா: எங்கள் வீட்டில் எதுவும் ஓடவில்லை. நாங்கள் யாருடைய இணைப்பையும் தொடுவதில்லை.

சித்தப்பா: யாரும் அப்படிச் சொல்லவில்லையே அண்ணா

பெரியப்பா: பொதுவாகச் சொன்னேன்.

அப்பா: ஆரம்பிக்க வேண்டாம்

வாண்டு: அக்கா, ரூட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்

நான்: அங்கே நன்றாகத்தான் இருக்கிறது. என் அறைக்கு வந்தால் போச்சு. அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல் கேட்கவே வேண்டாம்.

அண்ணன் (பெரியப்பா மகன்): ரூட்டரில் கேபிளை நேரடியாகச் செருகி மடிக்கணினியில் வேகம் பார்த்தாயா? அதில் சரியாக இருந்தால் இணைப்பு கொடுப்பவரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு காற்றில்தான்.

நான்: செருகிப் பார்த்தேன். பறக்கிறது.

அண்ணன்: அப்படியானால் அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல். கைப்பேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போட்டு, உன் அறையிலிருந்தே படம் எடுத்து அனுப்பு.

பெரியப்பா: 🌹 மாலை வணக்கம் 🌹 உங்களுக்குத் தெரியுமா? வைஃபையைக் கண்டுபிடித்தது ஒரு திரைப்பட நடிகை! பகிருங்கள்!

அத்தை: அண்ணா

நான்: [படம்]

நான்: மொத்தம் 14 பெயர்கள். 6ஆம் சேனலில், அதாவது 6ஆம் எண் அலைப்பாதையில், நாங்கள், பெரியப்பா, எதிர்வீட்டார் இருவர். 4இல் அத்தை. 8இல் ‘சுவர்_என்னுடையது’.

அப்பா: அது யார்?

சித்தப்பா: பையன் விளையாட்டாக வைத்த பெயர். மாற்றச் சொல்லிவிட்டேன்.

வாண்டு: நீங்கள்தான் அப்பா வைத்தீர்கள்

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படத்தில் எங்களுக்கு 82 என்று போட்டிருக்கிறது. இவர்களுக்கு 60தான். எங்களுடையதுதான் அதிகம்.

அண்ணன்: அப்பா, அது மைனஸ் 82. பூஜ்யத்தை நெருங்க நெருங்கத்தான் பலம். மைனஸ் 50 என்றால் கம்பீரம், மைனஸ் 82 என்றால் முனகல். அடுத்த அறைக்கே முனகலாக வருகிறதென்றால் நம் ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பெரியம்மா: பீரோவுக்குள்

அண்ணன்: இரும்பு பீரோவுக்குள்ளா?

பெரியம்மா: பூட்டி

பெரியப்பா: எல்லாரும் கை வைக்கிறார்கள். அதனால்தான் சக்தியை நூறு சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

அண்ணன்: பீரோவுக்குள் உட்கார்ந்துகொண்டு கத்தினால் என்ன பயன்? ரூட்டர் கத்துவதைக் கைப்பேசி எப்படியாவது கேட்டுவிடும். கைப்பேசி பதில் சொல்வது ரூட்டருக்குக் கேட்க வேண்டுமே, அதன் குரல் கூடவில்லையே. திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள்.

பெரியப்பா: யோசிக்கிறேன்.

சித்தப்பா: எல்லாரும் 6இல் முட்டிக்கொள்கிறார்களே என்று நான்தான் ஒதுங்கி 8க்குப் போனேன். நல்லது செய்தாலும் நம் பெயர்தான் அடிபடும்.

அண்ணன்: சின்னச் சித்தப்பா, கோபப்படாதீர்கள், 8தான் பெரிய தொல்லை. நாம் எல்லாரும் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது 6இல் உட்கார்ந்தவரின் கை 4 வரைக்கும் 8 வரைக்கும் நீளும். ஒரே சேனலில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். முடியும் வரை காத்திருந்து முறைவைத்துப் பேசுவார்கள். மெதுவாக இருக்கும், ஆனால் ஒழுங்காக இருக்கும். பாதி விலகி 8இல் இருப்பவர் பேசுவது 6இல் இருப்பவருக்கு வெறும் இரைச்சல். இருவரும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றையொன்று தொடாமல் இருக்க 1, 6, 11 என்று மூன்று இடம்தான். அவற்றின் மையம் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ்.

அத்தை: ஒதுங்கினால் முழுதாக ஒதுங்க வேண்டும். பாகம் பிரித்த அன்று அம்மாவும் இதைத்தான் சொன்னார்கள்

அப்பா: அம்மா அப்படிச் சொல்லவில்லை

அத்தை: நீ அன்று ஊரிலேயே இல்லை

சித்தப்பா: 13 வரைக்கும் சேனல் காட்டுகிறதே?

அண்ணன்: பல நாடுகளில் 13 வரை, அமெரிக்காவில் 11 வரை. அதனால் சில கருவிகளுக்கு 12, 13 கண்ணிலேயே படாது. வேண்டாம். நீங்கள் 11, அத்தை 1, மற்றவர்கள் 6.

அத்தை: நான் ஏன் 1? எப்போதும் என்னைத்தான் ஓரமாக உட்கார வைப்பீர்கள்

வாண்டு: 1 முதலிடம் அத்தை

அத்தை: சரி

நான்: படத்தில் சித்தப்பாவுடைய கோடு மட்டும் இரண்டு மடங்கு அகலமாக இருக்கிறது

வாண்டு: அதுவா

சித்தப்பா: என்ன அதுவா?

வாண்டு: அகலத்தை 40 ஆக்கினால் வேகம் இரட்டிப்பாகும் என்று எங்கோ படித்தேன். விடுமுறையில் மாற்றினேன்.

அண்ணன்: யாருமில்லாத காட்டில் அது சரி. மொத்த இடமே 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதில் கிட்டத்தட்ட பாதியை நீ ஒருவனே எடுத்துக்கொண்டிருக்கிறாய். 20க்குத் திருப்பு. இப்போதே.

பெரியப்பா: பங்குக்கு மேல் எடுப்பது என்பது

அப்பா: அண்ணா

பெரியப்பா: வைஃபையைச் சொன்னேன்.

இரவு 8.15

பெரியப்பா: நடிகை பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன்: அப்பா, அது பாதி உண்மை. ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல் இருவரும் 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். கடலுக்குள் பாயும் டார்பிடோ குண்டுக்குப் போகும் வானொலி ஆணையை எதிரி குலைக்காதபடி அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவும் முறை. பியானோவுக்கு 88 கட்டைகள், அவர்கள் திட்டத்திலும் 88 அலைவரிசைகள். ஆனால் நம் வீட்டு வைஃபை தாவுவதில்லை. ப்ளூடூத்தான் தாவுகிறது, நொடிக்கு 1600 முறை. வைஃபை பிடித்த இடத்தை விடாது. அதனால்தான் இந்தப் பஞ்சாயத்து.

பெரியப்பா: ஆக நான் சொன்னது சரி.

அத்தை: அந்த நடிகை அவ்வளவு அழகு

பெரியம்மா: யார்?

நான்: எனக்கு நாளை 11 மணிக்கு நேர்காணல்

அண்ணன்: உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் இருக்கிறதே. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் மடிக்கணினி 2.4ஐயே பிடித்துத் தொங்குகிறதோ என்னவோ. 5க்குத் தனிப் பெயர் கொடு, 36 அல்லது 44ஆம் சேனல் வை. 52க்கு மேல் போகாதே. அங்கே பல சேனல்களில் ராடார் சமிக்ஞை கேட்டால் ரூட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும், நேர்காணல் நடுவே கழன்றுகொள்ளும். 5இன் குறை, தடித்த சுவரைக் கண்டால் மிகவும் தளர்ந்துவிடும். உன் அறைக்கு இடையே மெல்லிய தடுப்புதான், சமாளிக்கும். நிறையும் அதுவே. சின்னச் சித்தப்பா கட்டிய சுவர் அவர்களுடைய 5ஐ நம் பக்கம் பெரிதாக வரவிடாது.

சித்தப்பா: இந்தச் செய்தியை யாரும் நீக்காதீர்கள்

அப்பா: நாலரை அங்குலம் போதும் என்று நான் சொன்னேன். 9 அங்குலத்துக்கு நின்றது நீ.

சித்தப்பா: இப்போது யார் சொன்னது சரி?

அத்தை: செங்கல் கணக்கு இன்னும் என் டைரியில் இருக்கிறது

அப்பா: அதை வெளியே எடுக்காதே

நான்: 5க்கு மாற்றிவிட்டேன். ஒத்திகையில் ஒருமுறைதான் உறைந்தேன். அந்த ஒருமுறை எப்போது வரும் என்றுதான் பயம்.

அண்ணன்: பயமாக இருந்தால் கேபிள். 100 மீட்டர் வரை தைரியமாக இழுக்கலாம், அதில் அக்கம்பக்கம் யாரும் குறுக்கே வர முடியாது.

நான்: எங்களிடம் இருப்பது ஒரு முழம். 20 மீட்டர் கேபிள் ஒன்று இருந்ததே?

சித்தப்பா: நான் வாங்கியது. பெரியண்ணா வீட்டுப் பரணில்.

பெரியப்பா: வாங்கியது நீ, பணம் கொடுத்தது நான்.

பெரியம்மா: காலையில் எடுத்துத் தருகிறேன் கண்ணு

அண்ணன்: அம்மா, 11 முதல் 12 வரை மைக்ரோவேவ் அடுப்பைப் போடாதீர்கள். அதுவும் 2450 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான், சற்றே கசிந்தாலும் 2.4இல் இருப்பவர்களுக்குத் தொல்லை.

பெரியம்மா: இவ்வளவு தெரிந்தவன் ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன?

அண்ணன்: அடுத்த மாதம் பார்க்கிறேன் அம்மா

பெரியம்மா: 👍

காலை 10.20

நான்: கேபிள் வந்துவிட்டது. கூடத்தின் குறுக்கே கிடக்கிறது, யாரும் தடுக்கி விழாதீர்கள். கதவையும் சாத்தாதீர்கள்.

அண்ணன்: எல்லாரும் சேனலை மாற்றினீர்களா?

அத்தை: மாற்றினேன். 1

வாண்டு: 11, அகலம் 20. பெயரும் மாற்றிவிட்டேன்

அப்பா: என்ன பெயர்?

வாண்டு: ‘9_அங்குலம்’

அண்ணன்: அப்பா, பீரோ?

பெரியம்மா: கதவைத் திறந்து வைத்திருக்கிறார்

அத்தை: கண்ணு, என்ன வேலைக்கு நேர்காணல் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே

பெரியப்பா: வாழ்த்துகள். முடிந்ததும் கேபிள் திரும்பி வர வேண்டும்.

சித்தப்பா: எந்தப் பரணுக்கு?