எஸ்டீம் ரேஸ் காரை முழுசா விக்கிறதா, பிரிச்சு விக்கிறதா, விக்கவே கூடாதா?

எஸ்டீம்காரன் (காரைக்குடி):
நேரா விஷயத்துக்கு வரேன். என்கிட்ட இருக்குற மாருதி எஸ்டீம் ரேஸ் காரை குடுத்துடலாம்னு இருக்கேன். 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜின், டிரைவர் சீட்டைத் தவிர உள்ள ஒண்ணும் கிடையாது, ரோல்கேஜ் (வண்டி உருண்டாலும் டிரைவரைக் காப்பாத்துற இரும்பு பைப்பு கூண்டு) வெல்ட் பண்ணது, ஆர்சி எப்பவோ சரண்டர் பண்ணியாச்சு. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்லயும் கோவை பக்கம் செட்டிபாளையம் டிராக்லயும் நல்லா ஓடின வண்டி. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது, இப்ப மக காலேஜுக்குப் போகப்போறா, அவ்வளவு பழக்கம்.

ஏன் விக்கிறேன்னா காசு தான், வேற பெரிய கதை இல்ல. டயரும் பெட்ரோலும் தான் செலவுன்னு வெளியில நினைக்கிறாங்க. இங்கேர்ந்து இருங்காட்டுக்கோட்டை 400 கிலோமீட்டர், டிரெய்லர் வாடகை, மெக்கானிக் பசங்களுக்கு ரூம், சாப்பாடு, என்ட்ரி ஃபீஸ், லைசென்ஸ் புதுப்பிக்கிறது எல்லாம் போட்டா கார் டிராக்ல இறங்குறதுக்கு முன்னாடியே பாதி பணம் காலி. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி ரேஸ்ல அடிபட்டா பத்து பைசா தராது, எவனாவது வந்து சொருவினா கைக்காசு தான். ரேஸ் சீட்டுக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) ஸ்டிக்கர்ல தயாரிச்ச தேதிலேர்ந்து 5 வருஷம் தான் கணக்கு, பெல்ட்டுக்கும் தேதி இருக்கு, ஷெட்ல சும்மா தொங்கினாலும் அது பாட்டுக்கு காலாவதி ஆயிடும். இந்தப் பக்கம் வளவு வீட்டுல (பங்காளிங்களுக்குப் பொதுவான பூர்வீக வீடு) ரெண்டாங்கட்டு மேல ஓடு முழுசா மாத்தணும், பங்காளிங்க சென்னை சிங்கப்பூர்னு இருக்காங்க, ஊர்ல இருக்கிறவன் தலையில தான் விடியும்.

முழுசா குடுக்கிறதா, பிரிச்சு விக்கிறதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கானாடுகாத்தான்_ஷெட்:
அண்ணே விக்காதீங்க. முழுசாவும் வேணாம் பிரிச்சும் வேணாம். எஸ்டீம் உற்பத்தி 2007லயே நின்னுபோச்சு, இப்ப நேரான ஷெல் (வெறும் பாடி) ஒண்ணு வேணும்னு தேடிப்பாருங்க, வர்றது பூரா ஓரம் அரிச்சு பட்டி வச்சு மறைச்ச வண்டி தான். உங்களுக்கு ஷெட் வாடகை உண்டா? கிடையாது. நிக்கிற காருக்கு டிரெய்லர் உண்டா என்ட்ரி ஃபீஸ் உண்டா? அதுவும் கிடையாது. அப்ப எந்தச் செலவை நிறுத்துறதுக்கு விக்கிறீங்க? ரேஸை நிறுத்துங்க, காரை ஏன் அனுப்புறீங்க. வர்ற காசுல ரெண்டாங்கட்டுல கால்வாசி ஓடு கூட மாத்த முடியாது, வளவு வீட்டு மராமத்து என்ன செலவு வைக்கும்னு எனக்கும் தெரியும்.

பிட்லேன்_கோவை:
நிக்கிற காருக்கு செலவில்லன்னு யாரு சொன்னது தம்பி? நான் இந்த வேலையில தான் இருக்கேன். மூணு வருஷம் ஷெட்ல நின்ன ஒரு வண்டி வந்துச்சு, ஓனரு "ஒண்ணுமில்ல, பேட்டரி மாத்தினா ஸ்டார்ட் ஆயிடும்"னு சொல்லிட்டுப் போனாரு. பானெட்டைத் தூக்கினா ஏர் ஃபில்டர் டப்பாக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு, மெத்தை எதுல போட்டிருக்குன்னு பாத்தா நம்ம வயரிங் மேல இருந்த ரப்பரும் டேப்பும். பெட்ரோல் ஹோஸை ரெண்டு விரலால மடக்கினேன், அப்பளம் மாதிரி விரிசல் விட்டுடுச்சு. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து இழுத்து காலிபர் பிஸ்டன் உள்ளயே துரு ஏறி இறுகிப்போச்சு, கிரீஸ் கன் போட்டு அழுத்தித் தான் வெளிய எடுத்தோம். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால், அதை டேங்க்ல விட்டுட்டு மறந்துட்டா தண்ணி பிரிஞ்சு அடியில நிக்கும், பம்பும் இன்ஜெக்டரும் போச்சு. நின்ன காரை எழுப்புறதுக்கு ஆன பில்லு ஒரு சீசன் ஓட்டுற பில்லு.

விக்கிறதுன்னா ஓடுற நிலைமையில இருக்கும்போதே வித்துடுங்க.

கானாடுகாத்தான்_ஷெட்:
அது ஓனர் கவனிக்காதது, காரோட தப்பா? வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, டேங்க்ல பழைய பெட்ரோல் தங்க விடாம, ஸ்டாண்டுல ஏத்தி டயரை தரையில படாம வச்சா எத்தனை வருஷம் வேணாலும் இருக்கும். எங்க ஷெட்ல ஐயா காலத்து அம்பாசிடர் இன்னும் ஒரே செல்ஃபுல எடுக்கும்.

செக்ரி_காலனி:
அம்பாசிடர்ல ரோல்கேஜ் கிடையாதுங்க. கேஜ் பைப்பு உள்பக்கம் பெயின்ட் அடிக்க முடியாது, கால் பிளேட்டு தரையோட வெல்ட் ஆன இடத்துல சூடு பட்டு பழைய கோட்டிங் போயிருக்கும், அங்க தான் மொதல்ல அரிக்கும், மேலேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. செட்டிநாடு காஞ்ச பூமி துரு வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஐப்பசி கார்த்திகையில அந்த ஷெட் செவுத்தைத் தொட்டுப் பாருங்க. துருவையும் ஆராய்ச்சி பண்ற செக்ரி இன்ஸ்டிட்யூட் இருக்குற ஊர்ல உக்காந்துட்டு இதைக் கூட சொல்லலைன்னா எப்படி.

ஸ்பேர்ஸ்_மதுரை:
சென்டிமென்ட் வேணாம், கணக்கு பேசுவோம். முழு காரை வாங்குறதுக்கு ஆள் கம்மி, ஆர்சி இல்லாத வண்டிக்கு லோனும் கிடைக்காது, வர்றவன் எல்லாம் அடிமாட்டு விலைக்கு கேப்பான். பிரிச்சா அப்படியில்ல. அந்த 1.3 இன்ஜினுக்கு ஜிப்ஸிக்காரங்க வரைக்கும் கிராக்கி இருக்கு. கியர்பாக்ஸ், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), சஸ்பென்ஷன், ரிம் செட், சீட்டு எல்லாம் தனித்தனி பார்ட்டி. முழுசா விக்கிறதை விட கண்டிப்பா மேல வரும், ஷெல்லை கடைசியா இரும்புக்கடையில போட்டுக்கலாம். ஓடு மாத்தணும்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் ஏன் காசை விடுறீங்க?

ஹெட்லைட்_தம்பி:
ரோட்டுக்கு மாத்தி ஓட்ட முடியாதா அண்ணே? செம்ம கெத்தா இருக்கும் காரைக்குடி ரோட்ல.

பிட்லேன்_கோவை:
முடியாது தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. ஹெல்மெட் போடாம கேஜுக்குள்ள உக்காந்து லேசா ஒரு முட்டு முட்டினாலே அந்த இரும்பு பைப்பு நேரா மண்டையில அடிக்கும். கெத்து ஆஸ்பத்திரியில போயி முடியும்.

பள்ளத்தூர்_ஆச்சி:
பிரிச்சு விக்கச் சொல்றவங்க ஒரு தடவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் போயிட்டு வாங்க. அங்க நிக்கிற பர்மா தேக்குத் தூணு, நிலைக்கதவு, எனாமல் தூக்கு எல்லாம் ஒரு காலத்துல ஒரு வீட்டுல ஒண்ணா இருந்தது தான். தனித்தனியா வித்தா நல்ல விலைன்னு தான் அவங்களும் கணக்குப் போட்டாங்க. விலை வந்துச்சு, இல்லைங்கல. வீடு எங்கன்னு கேட்டா காலி மனையைக் காட்டுவாங்க. காரும் அதே தான், பிரிச்சப்புறம் எவன் நினைச்சாலும் சேக்க முடியாது.

அதுக்காக ஷெட்லயே வச்சு சாமி கும்பிடச் சொல்லல. முழுசா குடுங்க, ஓட்டுறவனுக்குக் குடுங்க. எஸ்டீம்காரன் தம்பிக்கு இன்னொண்ணு, மக காலேஜை எதுக்கு உள்ள இழுக்கிறீங்க? நாளைக்கு அந்தப் பிள்ளை "எனக்காக அப்பச்சி காரை வித்தாக"ன்னு காலம்பூரா சுமக்கும். உங்களுக்கு ரேஸ் போதும்னு தோணியிருந்தா அதைச் சொல்லுங்க.

எஸ்டீம்காரன் (காரைக்குடி):
ஆச்சி, மக மேல பழி போடல. ஃபீஸ் கட்டுற தேதியும் சீசன் ஆரம்பிக்கிறதும் பக்கத்துல பக்கத்துல வருது, ரெண்டுக்கும் ஒரே பாக்கெட்டு தான். அவகிட்ட கேட்டா "வித்துட்டு ஒரு ஏசி வாங்குங்க"ங்கிறா, அவ ஒண்ணும் சுமக்கப்போறதில்ல :) போதும்னு தோணிச்சான்னா, ஓட்டுறது போதும்னு தோணல. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரெய்லர் கயிறு தளர்ந்திருக்கான்னு விழுப்புரம் பைபாஸ்ல இறங்கிப் பாக்கிறது போதும்னு தோணுது.

கானாடுகாத்தான் தம்பி, வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்க, ரேஸ் இன்ஜினை ஐடில்ல வச்சு அணைச்சா ஆயில் முழுசா சூடே ஏறாது, உள்ள கட்டுற ஈரம் உள்ளயே தங்கிடும். ஓட்டணும். நம்ம ஊர்ல எங்க ஓட்ட? இங்க ரேஸ்னு சொன்னா மாட்டு வண்டி ரேஸ்னு நினைச்சு "பூஞ்சிட்டா கரிச்சானா"ன்னு மாட்டு ரகத்தைக் கேக்குறாங்க.

சோழவரம்_பெருசு:
விக்கிறது பாவம்ங்கிற மாதிரி பேசுறவங்களுக்கு. நான் பொடியனா சென்னை பக்கம் சோழவரத்துல ரேஸ் பாத்தவன், ரெண்டாம் உலகப்போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப், வெயில்ல தார் உருகும். அங்க ஓடினதுல எத்தனை கார் கை மாறி வந்தது தெரியுமா? காசு உள்ளவன் ஓட்டிட்டு குடுப்பான், அடுத்தவன் அதைத் தட்டி நிமித்தி ஓட்டுவான். கோவை ரேஸர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதின்னு சிங்கிள் சீட்டர் (ஒருத்தர் மட்டும் உக்கார்ற ரேஸ் கார்) கட்டினதே சாதாரண பசங்க கைக்கு எட்டணும்னு தான். நரேன் கார்த்திகேயன் 2005ல எஃப்1 போனாரே, அவரு ஆரம்பிச்சது அந்த ஃபார்முலா மாருதியில. செட்டிபாளையம் டிராக்குக்கு அவரு பேர்ல கரின்னு வச்சது சும்மா இல்ல. பழைய கார் சந்தைக்கு வரலைன்னா புதுப்பையன் எதுல கத்துப்பான்?

கானாடுகாத்தான்_ஷெட்:
பெரியவரே, அது அந்தக் காலம். இப்ப பையன் வந்தா எல்ஜிபி ஃபார்முலா 4ங்கிற சிங்கிள் சீட்டர் ரேஸ்ல வாடகைக்கு சீட்டு எடுப்பான், எஸ்டீமை எவன் சீண்டுவான்? வாங்குறவன் ஒரு சீசன் அடிச்சு நொறுக்கிட்டு அவனே இரும்புக்கடையில போடுவான். அப்ப ஸ்பேர்ஸ் மதுரை சொல்றதுக்கும் ஆச்சி சொல்றதுக்கும் என்ன வித்தியாசம், ஒரு வருஷம் தள்ளிப்போச்சு அவ்வளவு தானே.

பிட்லேன்_கோவை:
அந்த ஒரு வருஷம் ஓடுதுல்ல. அது ஓடுறதுக்குக் கட்டின வண்டி தானே? வாடகை சீட்டுல கார் வேற எவனோ செட் பண்ணி குடுப்பான், பையன் உக்காந்து ஓட்டிட்டுப் போவான். சொந்தமா ஒரு எஸ்டீம் இருந்தா கிளட்ச் மாத்துறதுலேர்ந்து கேம்பர் (சக்கரச் சாய்வு) பாக்கிறது வரைக்கும் கை அழுக்காகும். இங்க ரெண்டு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க பணத்தை பங்கு போட்டு ஒரு பழைய டூரிங் கார் (எஸ்டீம் மாதிரி ரோட்டு காரை மாத்தின ரேஸ் கார்) தேடிட்டிருக்காங்க. மதுரைக்காரர் சொல்ற தொகை வராது, ஒத்துக்கிறேன். வண்டியைப் பாக்க வரச்சொல்லவா?

எஸ்டீம்காரன் (காரைக்குடி):
வரச்சொல்லுங்க. விலையில கொஞ்சம் விட்டுக் குடுக்கிறேன், ரெண்டு கண்டிஷன். சீட்டு பெல்ட்டு ரெண்டும் புதுசா போட்டுட்டுத் தான் டிராக்ல இறங்கணும், என்னோடதை நான் கழட்டியே வச்சுடுறேன். அப்புறம் ஸ்பேர் கியர்பாக்ஸ், எக்ஸ்ட்ரா ஹப்பு, ஒரு பொட்டி நிறைய பேரிங்கு எல்லாம் காரோடயே போகணும், அவங்க வாங்கிட்டு தனியா விக்கக்கூடாது. வீட்டுக்கு ஓடு இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி, பங்காளிங்களுக்கு போன் போட்டு சண்டை போட்டுக்கிறேன்.

கானாடுகாத்தான்_ஷெட்:
எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. எழுதி வச்சுக்கங்க, ரெண்டு வருஷத்துல நீங்களே எஸ்டீம் இருக்கான்னு இங்க வந்து கேப்பீங்க.

எஸ்டீம்காரன் (காரைக்குடி):
கேப்பேன் தான். அதுக்காக இப்ப ஒழுகுறதுக்கு வாளி வச்சுட்டு உக்கார முடியுமா.

ஸ்பேர்ஸ்_மதுரை:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, அந்த ஸ்பேர் கியர்பாக்ஸ் மட்டும் தனியா தருவீங்களா? நல்ல பார்ட்டி கையில இருக்கு.

பள்ளத்தூர்_ஆச்சி:
அடங்க மாட்டீங்களா தம்பி நீங்க!