மறு: பிரேக் ஆயில் = தடுப்பெண்ணெய்?

அன்புள்ள நண்பர்களே, வணக்கம். நாம் எழுதும் கார் பிரேக் கையேட்டுக்காக முன்மொழியப்பட்ட இந்த இரண்டு சொற்களைப் பற்றி:

> பிரேக் ஆயில் – தடுப்பெண்ணெய்
> பிளீடிங் – காற்றெடுப்பு

பிரேக்கைத் தடுப்பு என்பதா, நிறுத்தி என்பதா என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. பிரேக் எல்லோருக்கும் புரிகிறது, அது அப்படியே இருக்கட்டும். என் கவலை 'எண்ணெய்' பற்றியது.

பட்டறையில் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு எந்த டப்பாவை எடுக்க வேண்டும் என்று கைக்கே தெரியும். ஆனால் நாம் எழுதும் கையேடு, முதல் முறையாகத் தன் காரின் பிரேக்கில் கை வைப்பவருக்கானது. 'எண்ணெய் குறைந்தால் ஊற்றவும்' என்று படித்துவிட்டு அவர் வீட்டில் மீந்திருக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரிலும், சக்கரத்தருகே பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பரிலும் உள்ள ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும், பிரேக்கே போய்விடலாம். காரில் பெரும்பாலும் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 (DOT) என்ற தரங்கள் இரண்டும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை; எண்ணெயே அல்ல. ஷிமானோ சைக்கிள்களின் ஹைட்ராலிக் பிரேக்கில் இருப்பது உண்மையிலேயே கனிம எண்ணெய். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் ஆபத்துதான்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? பாடநூல்களில் உள்ள 'பாய்மம்' வாயுவையும் சேர்த்துக் குறிக்கும். பிரேக் குழாய்க்குள் இருக்கவே கூடாதது காற்று. அதனால் அது பொருந்தாது. 'நீர்மம்' அழகான சொல்தான், ஆனால் முன்னால் 'நீர்' நிற்கிறது. இந்தத் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4-இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் அதன் வரம்பு 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், ஈரம் ஏறிய திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். தண்ணீரை நினைவூட்டும் சொல் இங்கே வேண்டாம் என்பது என் கருத்து. எனவே 'பிரேக் திரவம்'. இலங்கை நண்பர்களுக்கும் பழகிய சொல்.

அடுத்து 'காற்றெடுப்பு', அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் பிளீடிங். மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கணும்' என்பதிலிருந்து வந்தது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கிணற்று மோட்டார் 'ஏர் எடுக்குது' என்றால் காற்றை உள்ளே இழுக்கிறது என்று பொருள்! பிரேக்கிலும் அதே விபத்து நடக்கக்கூடும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் திருகைத் தளர்த்துவார். திருகை இறுக்குவதற்குள் மிதித்தவர் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். வெளியேற்றுவதா, உள்ளே இழுப்பதா என்ற குழப்பம் சொல்லிலேயே இருக்கக் கூடாது. 'காற்று நீக்கல்' நீளம்தான், ஆனால் தெளிவு. பழைய திரவத்தை முழுக்க மாற்றுவதைத் 'திரவ மாற்றம்' என்று தனியாகவே வைப்போம்.

அப்புறம், வரைவில் ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட் இரண்டுக்குமே 'ஜாக்கி' என்று வந்திருக்கிறது. இதை உடனே திருத்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். சக்கரத்தைக் கழற்றும்முன் காரின் எடையை ஸ்டாண்டில் இறக்கியாக வேண்டும். அதற்குத் 'தாங்குகால்' என்பது என் முன்மொழிவு. இதைவிடப் பொருத்தமான சொல் பட்டறைகளில் வழங்கினால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்